காலஞ்சென்ற தேசிய உலாவியும் ஒரு குடம் பானகமும்

ஆடி வேல் தேர் காலி வீதியால் வரும் நாளில், வெள்ளவத்தையில் ஒருவரும் வறண்ட தொண்டையோடு வீடு திரும்பக்கூடாது என்பது சிட்டாளின் எண்ணம். கொழும்பில் எத்தனையோ பேர் எத்தனையோ பெரிய எண்ணங்களோடு நடமாடுகிறார்கள். அவளுக்கு இருந்தது இந்த ஒன்றுதான்.

பெரியாஸ்பத்திரியில் வயிற்று ஒப்பரேஷனுக்காகப் படுத்திருந்தபோது அவள் முருகனோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டாள். பிழைத்து எழும்பினால், கால் உள்ளவரை தேருக்குப் பின்னால் நடப்பேன். கால் விட்டுப்போனால், நடக்கிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பேன். முருகன் தன் பங்கை ஒழுங்காகச் செய்துவிட்டார். சில வருடங்களில் முழங்கால்கள்தான் கைவிட்டன. அன்றிலிருந்து ஒவ்வொரு வேலுக்கும் தங்கள் ஒழுங்கை காலி வீதியில் ஏறும் முகப்பில் நாலு கம்பு நட்டு, தென்னங்கிடுகு போட்டு, மேசை வைத்து, சிட்டாள் ஒரு கதிரையில் உட்கார்ந்து பானகம் ஊற்றுவாள். சர்க்கரை, தேசிக்காய், சுக்கு, ஏலம். கம்பு நடுவதும் குடம் தூக்குவதும் அவள் கணவர் உலகப்பனின் வேலை. புறக்கோட்டையில் இரும்புக்கடை நடத்தி, அதைத் தம்பி குடும்பத்திடம் விட்டுவிட்டு வீட்டோடு இருப்பவர். சத்தமாகப் பேசத் தெரியாதவர்.

இந்த வருடம் கம்பு நடக் குழி தோண்டியபோது ஒரு மாநகரசபை உத்தியோகத்தர் வந்து நின்றார். வீதியோரம் பந்தல் போட அனுமதி வேண்டும் என்றார்.

"எங்கங்க வாங்கணும்?" என்று கேட்டார் உலகப்பன்.

"இப்ப எல்லாம் ஒன்லைன் ஐயா. தேசிய உலாவி அதிகாரசபையிட சைட்டில போட வேணும்."

உலகப்பன் அந்தப் பெயரை அன்றுதான் முதலில் கேட்டார். தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். இணையத்தை நாம் எந்த ஜன்னல் வழியாகப் பார்க்கிறோமோ, அந்த ஜன்னலுக்கு உலாவி என்று பெயர். ஒரு காலத்தில் உலகமே எக்ஸ்ப்ளோரர் என்கிற ஜன்னலில் நின்றது. பிறகு கொஞ்சப் பேர் பயர்பொக்ஸ் பக்கம் போனார்கள். பிறகு குரோம் வந்து பெருங்கூட்டத்தை இழுத்துக்கொண்டது. ஐபோன்காரர்கள் சபாரியில் எட்டிப் பார்த்தார்கள். முன்கதவால் ஏறிய சனம் பின்கதவுக்கு நெருக்கப்படுகிற நூறாம் நம்பர் பஸ்போல, மக்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறிக்கொண்டே இருந்தார்கள். யாரும் சொல்லாமல், யாரையும் கேட்காமல் மாறினார்கள். இதைப் பார்த்து மேலிடத்தில் இரக்கம் பிறந்தது. பாவம், மக்கள் குழம்பிவிடுவார்களே. ஆகவே எது மக்களிடம் மிகப் பிரபலமான உலாவி என்று பழைய கணக்கேடுகளைப் புரட்டி ஆராய்ந்து, அதையே தேசிய உலாவியாக நியமித்து, அரசாங்க விண்ணப்பங்கள் அத்தனையையும் அந்த ஒரே ஜன்னலுக்குப் பின்னால் வைப்பதற்காக ஓர் அதிகாரசபை உண்டானது. 'அனைவருக்கும் ஒரு ஜன்னல்' என்பது அதன் மகுட வாசகம்.

உலகப்பன் பலீலிடம் போனார். காலி வீதியில் பலீலுக்கு ஒரு கொமியுனிகேஷன் கடை இருந்தது. போட்டோகொப்பி, டைப்பிங், பாஸ்போட் படம், ஒன்லைன் விண்ணப்பம் எல்லாம் அங்கே நடக்கும். பலீல், புறக்கோட்டைக் காலத்துப் பழக்கத்தில் இன்றும் உலகப்பனை 'மொதலாளி' என்றுதான் அழைப்பார். உலகப்பனுக்கு அவர் 'நானா', அதாவது அண்ணன்.

"மொதலாளி, இது குரோம்ல தொறக்கல்ல. பயர்பொக்ஸ்லயும் தொறக்கல்ல. என்ன சொல்லிய எண்டு பாருங்கொ."

திரையில் இப்படி இருந்தது: 'அன்பான பிரசைக்கு வணக்கம். நீங்கள் தவறான ஜன்னலில் நிற்கிறீர்கள். தயவுசெய்து தேசிய உலாவியாகிய எக்ஸ்ப்ளோரரில் வரவும்.'

"அதுலயே போவோமே, நானா."

"எப்பிடிப் போற? அது மவுத்தாகி வருஷக்கணக்கு. செஞ்ச கம்பனியே போதுமெண்டு ஓய்வு குடுத்திட்டான்."

"ஓய்வா, சாவா?"

"கம்பியூட்டருக்கு ரெண்டும் ஒண்டுதான் மொதலாளி. மனிசருக்குத்தான் பென்சன் ஈக்கிது."

*

அதிகாரசபை கொள்ளுப்பிட்டியில், கடல் பார்த்த கட்டடம் ஒன்றின் ஏழாம் மாடியில் இருந்தது. கடல் பக்கத்து ஜன்னல்கள் எல்லாம் ஆணி அடித்து மூடப்பட்டிருந்தன. வாசலில் காவலாளி, "மாத்தயா, மேகே லியன்ன" என்று ஒரு கொப்பியை நீட்ட, உலகப்பன் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதிவிட்டு உள்ளே போனார்.

மண்டபச் சுவரில் தங்கச் சட்டமிட்ட படம் ஒன்று தொங்கியது. எக்ஸ்ப்ளோரரின் நீல நிறச் சின்னம். அதற்கு மேல் சிவப்பு மின்குமிழ் எரிந்தது. கீழே இருந்த கருமபீடத்தில் லவினா என்கிற பெண் உட்கார்ந்திருந்தாள். கொட்டாஞ்சேனைக்காரி. கழுத்தில் கொச்சிக்கடை அந்தோனியார் பதக்கம்.

"ஐயா, இது எக்ஸ்ப்ளோரரில மட்டும்தான் எடுக்கும்."

"அது போயிட்டதாமே, பிள்ளை."

லவினா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எங்களுக்கு இன்னும் அறிவிக்கேல்ல ஐயா."

"உங்களுக்குத் தெரியாதாம்மா?"

"எனக்குத் தெரியும். ஒஃபிசுக்குத் தெரியாது."

அவர் முகம் விழுந்ததைக் கண்டு, என்ன பந்தல், யாருக்காக என்று விசாரித்தாள். உலகப்பன் சிட்டாளின் முழங்காலைப் பற்றியும் முருகனோடு உள்ள ஒப்பந்தத்தைப் பற்றியும் சொன்னார். லவினா எழும்பிப் போய், பணிப்பாளர் நாயகத்தின் அறைக் கதவைத் தட்டினாள்.

பணிப்பாளர் நாயகம் விஷ்வலிங்கம் கெட்ட மனிதரல்ல. உலகப்பனை இருக்கச் சொன்னார். பிளேன்டீ வரவழைத்தார். அதைக் குடிக்க விடாமல் பேசினார்.

"எங்கள் அதிகாரசபை மக்களுக்குக் கட்டளையிடுவதில்லை. மக்களைப் பின்தொடர்கிறது. இதைப் பாருங்கள்." சுவரில் ஒரு வட்ட வரைபடம் முழுவதும் நீலமாக இருந்தது. "எங்கள் தளத்துக்குள் வந்தவர்களில் நூற்றுக்கு நூறு வீதம் எக்ஸ்ப்ளோரரில் வந்திருக்கிறார்கள். குரோம் பூச்சியம். பயர்பொக்ஸ் பூச்சியம். உலகத்தில் எந்த உலாவிக்காவது இப்படியொரு ஆதரவு உண்டா?"

"மத்ததுல வந்தா உள்ள விடமாட்டேங்குதுங்களே, சேர்."

"அது மற்றவற்றின் குறைபாடு. நாங்கள் அதில் தலையிடுவதில்லை."

"மொத்தம் எத்தனை பேருங்க வந்திருக்காங்க?"

"மூவர். எண்ணிக்கை முக்கியமில்லை, வீதம்தான் முக்கியம். மூவரில் ஒருவர் நான்."

"மத்த ரெண்டு பேரு?"

"நானேதான். சோதித்துப் பார்ப்பதற்காக."

உலகப்பன் தயங்கித் தயங்கி, எக்ஸ்ப்ளோரர் போய்விட்டதாகத் தன் ஏரியாவில் பேசிக்கொள்வதைச் சொன்னார். பணிப்பாளர் நாயகம் புன்னகை செய்தார். அறையின் மூலையில் பூப்போட்ட உறை போர்த்தி ஒரு பழைய கணினி இருந்தது. உறையை மெதுவாக நீக்கினார். எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, அந்தச் செய்தியைத் தேடினார். பக்கம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் வெறுமையாக நின்றது.

"பார்த்தீர்களா? அப்படியொரு செய்தி இல்லை."

அந்த நேரம் பார்த்து அவருடைய கைபேசி மேசையில் அதிர்ந்தது. உலகப்பன் ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், "அதுல ஒருக்கா பாக்கலாங்களா, சேர்?" என்றார்.

"இது என் தனிப்பட்ட போன். இதில் குரோம்தான் இருக்கிறது. அது என் குடும்ப வாழ்க்கை" என்று சொல்லிக்கொண்டே பணிப்பாளர் நாயகம் தேடினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். மறுபடி இறக்கினார். எழும்பி நின்றார்.

"எப்போது நடந்தது?"

"இருபத்திரண்டாம் ஆண்டுனு பலீல் நானா சொன்னாருங்க."

"இவ்வளவு நாளும் எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லையே" என்றார் அவர். குரல் உண்மையாகவே உடைந்திருந்தது. தான் இறந்த செய்தியைத் திறந்து காட்ட அந்த உலாவியால் முடியவில்லை. வேறு உலாவியில் பார்க்க அதிகாரசபைக்கு அனுமதியில்லை.

*

அடுத்த நாள் உலகப்பன் போனபோது, தெருமுனையிலிருந்தே சாவீட்டு வெள்ளைக்கொடிகள் கட்டியிருந்தன. மண்டபத்துப் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். சிவப்பு மின்குமிழை அணைத்துவிட்டுக் குத்துவிளக்கு ஏற்றியிருந்தார்கள். லிப்ட் கதவில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது:

'தேசிய உலாவி எக்ஸ்ப்ளோரர் அவர்கள் சில காலத்துக்கு முன் காலமானார். அன்னார் காலஞ்சென்ற நெட்ஸ்கேப்பின் நெடுநாள் போட்டியாளரும், எட்ஜின் பாசமிகு தந்தையும், பயர்பொக்ஸ், குரோம், சபாரி ஆகியோரின் மதிப்பிற்குரிய முன்னோடியும், இவ்வதிகாரசபை உத்தியோகத்தர்களின் ஒரேயொரு ஆதாரமும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், விண்ணப்பதாரிகள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.'

உலகப்பன் பின்வரிசையில் ஒதுங்கப் பார்த்தார். விடவில்லை. துக்கம் சொல்லிக்கொண்டு வந்தவர் அவர்தான் என்பதால் முன்வரிசையில், பணிப்பாளர் நாயகத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். கணக்காளர் வந்து இரண்டு கையாலும் கை பிடித்தார். "கடைசி நேரத்தில நீங்க பக்கத்தில இருந்தனீங்களோ?"

"இல்லைங்க."

"பரவாயில்லை. உங்களைக் குறை சொல்ல ஏலாது."

பிறகு ஒவ்வொரு பிரிவாக வந்து கை கொடுத்துவிட்டுப் போனார்கள். கிறீம் கிறாக்கர் பிஸ்கட்டும் பிளேன்டீயும் வந்தன. பின்னால் சிலர் சாவீட்டு வழக்கப்படி சீட்டாடத் தொடங்கினார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் உலகப்பனும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தார். இருக்க இருக்க அவருக்கே மனம் என்னவோ போலாகிவிட்டது.

பணிப்பாளர் நாயகம் இரங்கலுரை ஆற்றினார்.

"அன்னார் அவசரப்படாதவர். ஒரு பக்கத்தைத் திறக்கச் சொன்னால், நாம் தேநீர் குடித்து வரும்வரை சிந்திப்பவர். சில வேளை சிந்தித்துவிட்டு, திறக்காமலே விட்டுவிடுவார். யார் எத்தனை முறை தட்டினாலும் நிதானம் இழந்ததில்லை. நண்பர்களே, இந்தப் பண்புகளை அன்னாரிடமிருந்து கற்றுக்கொண்டுதான் நாம் இத்தனை காலம் மக்களுக்குச் சேவை செய்து வந்தோம். அன்னார் மறைந்தது நமக்கு இவ்வளவு நாளும் தெரியாமல் போனது எதனால்? அன்னார் உயிரோடிருந்தபோதும் இந்தக் காரியாலயத்தில் இதே அமைதிதான் நிலவியது."

பலர் கண் துடைத்தார்கள்.

கூட்டம் கலையும்போது உலகப்பன் மெதுவாக, "சேர், அந்தப் பந்தல் அனுமதி..." என்று தொடங்கினார்.

"துக்க வீட்டில கதைக்கிற விஷயமா இது?" என்று பக்கத்திலிருந்த கணக்காளர் கடிந்துகொண்டார். உலகப்பனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. உண்மையிலேயே மன்னிப்புக் கேட்டார்.

*

நாட்கள் போயின. ஆடி பிறந்துவிட்டது. தேர் வர இன்னும் கொஞ்ச நாள்தான். கடைசியாக லவினாவிடமிருந்து அழைப்பு வந்தது. புதிய தேசிய உலாவியைத் தெரிவு செய்யும் கூட்டத்துக்கு, பொதுமக்கள் பிரதிநிதியாக உலகப்பனையும் கூப்பிடுகிறார்கள். பொதுமக்களில் அந்தக் காரியாலயத்துக்கு முகம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

நீண்ட மேசையைச் சுற்றி மூன்று கட்சிகள் உட்கார்ந்திருந்தன. நிர்வாக உத்தியோகத்தர் பயர்பொக்ஸுக்காகப் பேசினார். "இப்பொழுது அதில் அதிகம் பேர் இல்லை. நெரிசல் இருக்காது. நம்மிடம் விண்ணப்பங்களும் குறைவாக வரும்." இந்தக் கடைசிக் காரணம் மேசையில் நல்ல வரவேற்பைப் பெற்றது. கணக்காளர் சபாரி வேண்டுமென்றார். சபாரியை நியமித்தால் உத்தியோகத்தர் அனைவருக்கும் கடமையின் பொருட்டு ஐபோன் கொடுக்க வேண்டி வரும். அந்தச் சுமையைத் தாங்கத் தாம் தயார். தொழில்நுட்பப் பிரிவில் இருந்தவர் மட்டும், உலகத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட குரோம்தான் என்றார்.

"அது உலகத்தின் அபிப்பிராயம்" என்றார் பணிப்பாளர் நாயகம். "நாங்கள் தேசிய அதிகாரசபை. எங்கள் தளத்தில் குரோமுக்கு எத்தனை வீதம்?"

"பூச்சியம், சேர்."

"பயர்பொக்ஸ்?"

"பூச்சியம்."

"சபாரி?"

"அதுவும் பூச்சியம்தான் சேர்."

"கடும் போட்டி" என்றார் பணிப்பாளர் நாயகம். பெருமூச்சு விட்டு உலகப்பன் பக்கம் திரும்பினார். "பொதுமக்கள் என்ன நினைக்கிறார்கள்?"

உலகப்பன் எழும்பி நின்றார். "எதுவா இருந்தாலும் சரிங்க. எல்லாத்துலயும் தொறந்து விட்டுட்டா என்னங்க? வர்றவங்க அவங்கவங்க ஜன்னல்ல வந்துட்டுப் போகட்டுமே."

தொழில்நுட்பப் பிரிவுக்காரர் குனிந்து பேனையைத் தேடினார். பணிப்பாளர் நாயகம் கோபிக்கவில்லை. குழந்தைக்குச் சொல்வது போல இதமாகச் சொன்னார்:

"எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டால், பிறகு அதிகாரசபை எதற்கு?"

கடைசியில் குரோம் வென்றது. யார் வாதமும் பலித்து அல்ல. மூன்று பூச்சியங்களுக்கு இடையில் முடிவெடுக்க என்ன விதி உண்டென்று பார்க்க எல்லோரும் கைபேசியை எடுத்தார்கள். எல்லோருடைய கைபேசியிலும் அதுதான் இருந்தது. உலகப்பனுக்கு நெஞ்சுக்குள் குளிர்ந்தது. இன்றே திறந்தால் நாளைக்கே அனுமதி வந்துவிடும்.

"அப்போ இன்னிக்கே தொடங்கிடலாங்களா, சேர்?"

மேசை முழுவதும் அவரை இரக்கத்தோடு பார்த்தது.

"இது ஆடி மாதம் ஐயா" என்றார் பணிப்பாளர் நாயகம். "ஆடியில் ஒரு புதுக் காரியம் தொடங்குவார்களா? ஒரு கடை திறப்பீர்களா? ஒரு கலியாணம் பேசுவீர்களா? ஆவணி பிறந்ததும் முதல் முகூர்த்தத்தில் திறப்புவிழா."

"ஆனா ஆடி வேல் ஆடியிலதாங்க வருது."

"அது முருகனின் தீர்மானம்" என்றார் பணிப்பாளர் நாயகம் பயபக்தியோடு. "அதில் அதிகாரசபை தலையிட முடியாது."

வாசலில் லவினா காத்துக்கொண்டு நின்றாள். அவர் முகத்தைப் பார்த்ததே போதுமாயிருந்தது. "வேல் அண்டைக்கு எனக்கு லீவு ஐயா" என்றாள். "எங்க வைச்சாலும், ஊத்திறதுக்கு ஒரு கை தேவையெண்டா சொல்லுங்கோ."

*

சிட்டாள் பரணிலிருந்து இறக்கிய தம்ளர்களைச் சாம்பல் போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள். உலகப்பன் நடந்ததைச் சொன்னார். அவள் கை நிற்கவில்லை.

"அப்போ முருகன்கிட்ட நான் என்ன சொல்லட்டும்? சிஸ்டம் எடுக்கலைனா?"

"நான் என்ன செய்ய சிட்டாள்? நாலு கம்புதான். அதை நட விடமாட்டேங்குறாங்களே."

"உங்களச் சொல்லல. அவங்களையும் சொல்லல." ஒரு தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "தேருக்குப் பின்னாடி என்னால நடக்க ஏலாது. ஊத்தவும் விடலைனா, நான் சும்மா ஒக்காந்து பாத்துக்கிட்டு இருக்கணும். அவ்வளவுதான்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் உலகப்பனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் எழும்பி, சட்டையைப் போட்டுக்கொண்டு, இனி விண்ணப்பம் தேவையில்லை என்று சொல்வதற்காகப் பலீலின் கடைக்கு நடந்தார்.

பலீல் முழுக்கதையையும் கேட்டார். மவுத்து அறிவித்தலில் ஒருமுறை சிரித்தார். 'முருகனின் தீர்மானம்' என்ற இடத்தில் சிரிக்கவில்லை.

"மொதலாளி, பர்மிஷன் எதுக்குக் கேக்கிய?"

"பந்தலுக்கு."

"தண்ணிக்கு இல்லையே?"

"தண்ணிக்கு ஒண்ணும் சொல்லல."

பலீல் கடையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். "என்ட கடைக்குக் கூரை ஈக்கிது. பர்மிட்டும் வாப்பா காலத்தில இருந்து ஈக்கிது. போட்டோகொப்பி மெஷினை ஒரு நாளைக்கு உள்ள தள்ளினா, சிட்டாள் அக்காட கதிரைக்கு எடம் வந்திரும். நீங்க ஒரு கம்பும் நட வேணாம்."

"ஒரு நாள் யாவாரம் போகுமே, நானா."

"தேர் வாற அண்டைக்கு யாரு மொதலாளி போட்டோகொப்பி அடிக்கிய? என்ட பொஞ்சாதி பீபியும் சர்பத் கரைக்கிறேனெண்டா. நீங்க கேட்டு வரட்டும் எண்டுதான் சொல்லாம இருந்தன்."

உலகப்பன் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, வெள்ளைத்தாள் கட்டு ஒன்றைத் தேவையில்லாமல் அடுக்கிக் கொடுத்தார்.

*

தேர் வந்த அன்று வெயில் தார் உருக்கியது. பலீலின் கடை முகப்பில் சிட்டாள் கதிரையில் அமர்ந்திருந்தாள். முன்னால் பானகக் குடம். பக்கத்தில் மோர்ப் பானை. அதற்குப் பக்கத்தில் பீபியின் ரோஸ் சர்பத், மேலே கசகசா மிதந்தது. லவினா மட்டக்குளி பஸ்ஸேறி வந்து, சொன்னபடியே ஒரு பக்கம் நின்று ஊற்றினாள். காவடிக்காரர், கற்பூரச்சட்டி தூக்கியவர், சும்மா பார்க்க வந்தவர், போக்குவரத்துப் பொலிஸ்காரர், எல்லோரும் கை நீட்டினார்கள். உலகப்பன் குடம் குடமாகத் தூக்கினார்.

தேர் கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில், கூட்டத்திலிருந்து ஒருவர் பிரிந்து தள்ளாடி வந்தார். வெறுங்கால், வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, உதடெல்லாம் வெடிப்பு. தேர் புறப்படும் செட்டியார்தெருவிலிருந்து நடந்தே வந்தவர் போலிருந்தது. லவினாதான் முதலில் அடையாளம் கண்டாள். கையில் இருந்த செம்போடு அப்படியே நிமிர்ந்து நின்றாள். பணிப்பாளர் நாயகம் விஷ்வலிங்கம்.

அவர் மூன்று பாத்திரங்களையும் பார்த்தார். உத்தியோகம் மனிதரை எளிதில் விடுவதில்லை. வறண்ட தொண்டையோடும் கேட்டார்:

"இதில் மக்கள் அதிகம் விரும்புவது எது?"

"தெரியலைங்களே" என்றாள் சிட்டாள். அவளுக்கு அவர் யாரென்று தெரியாது. "தாகத்தோட வந்தவங்க ஒருத்தரும் கேக்கல. எது கைக்குக் கிட்ட இருந்துச்சோ அதைக் குடிச்சிட்டுப் போனாங்க. இந்தாங்க, மொதல்ல குடிங்க."

அவர் குடித்தார். தம்ளர் வெறுமையானபோதுதான் உலகப்பனைக் கண்டார். பிறகு தலைக்கு மேலிருந்த கடைக் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"அனுமதி..." என்று தொடங்கினார்.

"ஆவணியில வருமுங்க, சேர்" என்றார் உலகப்பன் பணிவாக. அவர் அதை ஏளனமாகச் சொல்லவில்லை. அவருக்கு ஏளனம் வராது.

பணிப்பாளர் நாயகம் தேர் வரும் பக்கம் பார்த்தார். பிறகு தம்ளரை நீட்டினார்.

"அப்படியென்றால் இன்னும் ஒன்று ஊற்றுங்கள் அம்மா."

தேர் அவர்களைக் கடந்து போனது. சிட்டாள் கதிரையின் கையைப் பிடித்து எழும்பி நின்று கும்பிட்டாள். முருகனோடு அவள் ஒப்பந்தம் இந்த வருடமும் முறியவில்லை.

*

ஆவணியில் திறப்புவிழா நடந்தது. பணிப்பாளர் நாயகம் நன்றி மறக்காதவர். புதிய தேசிய உலாவியின் முதல் விண்ணப்பமாக உலகப்பனின் விண்ணப்பத்தையே எடுக்க வேண்டுமென்று கட்டளையிட்டிருந்தார். சிட்டாளையும் அழைத்துவரச் சொல்லியிருந்தார். சிட்டாள் எங்கே போனாலும் வெறுங்கையோடு போகிறவள் அல்ல. முச்சக்கரவண்டியில் மடிமேல் ஒரு பெரிய செம்புப் பானகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். உதவிக்குப் பலீலும் ஒரு பை தம்ளர்களோடு வந்தார்.

நீலப் படம் இருந்த இடத்தில் பல வண்ண வட்டம் ஒன்று தொங்கியது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஏழு பேர் பேசினார்கள். ஆணி அடித்த ஜன்னல்களுக்குள் மண்டபம் வெந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லை. தண்ணீர் வைக்க அனுமதி கேட்டு நிர்வாகப் பிரிவு எப்போதோ விண்ணப்பித்திருந்தது. அது இன்னும் எக்ஸ்ப்ளோரருக்குள் இருந்தது.

நல்ல நேரத்தில் உலகப்பன் விசையை அழுத்தினார். திரையில் பச்சை அடையாளம் விழுந்தது. இந்த வருட ஆடி வேலுக்கு, காலி வீதி, வெள்ளவத்தை, தண்ணீர்ப் பந்தல்: அனுமதிக்கப்பட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். முத்திரை பதித்த கெட்டிக் காகிதம் ஒன்று அச்சாகி வந்தது. பணிப்பாளர் நாயகம் அதை இரு கையாலும் உலகப்பனிடம் கொடுத்துவிட்டு, மக்கள் இன்று ஒரு ஜன்னலை விரும்புவார்கள், நாளை வேறொன்றை விரும்புவார்கள், அப்போதும் அதிகாரசபை அவர்களைத் தேடி வரும் என்று சொல்ல வாயெடுத்தார். தொண்டை அடைத்துக்கொண்டது. இருமினார். மறுபடி இருமினார்.

சிட்டாள் மெல்ல எழும்பி, செம்பைத் திறந்து, ஒரு தம்ளர் ஊற்றிக் கொடுத்தாள். அவர் குடிப்பதைப் பார்த்ததும் முன்வரிசையில் ஒரு கை நீண்டது. பிறகு இரண்டாவது வரிசை. பலீல் தம்ளர்களைக் கைமாற்ற, லவினா கருமபீடத்தை விட்டு ஓடி வந்தாள். கணக்காளர் இரண்டு முறை வாங்கிக் குடித்தார்.

செம்பில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அதை லவினா வீட்டுக்குக் கொண்டுபோகட்டும் என்று சிட்டாள் நினைத்தாள். மூடியை எங்கோ வைத்துவிட்டிருந்தாள். சர்க்கரை வாசத்துக்கு இரண்டு ஈ சுற்றத் தொடங்கியிருந்தன.

"அந்தப் பேப்பரத் தாங்க" என்றாள் கணவரிடம்.

உலகப்பன் ஒருகணம் முத்திரையைப் பார்த்தார். பிறகு கொடுத்தார். அவள் அதை நாலாக மடித்துச் செம்பின் வாயில் வைத்து அழுத்தினாள். அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது.